விரலை எடுத்தால் அணையும் சுடர்: கேஸ் வாட்டர் ஹீட்டரில் தெர்மோகப்பிள் மாற்றுவது

குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுடர் எரிகிறது. விரலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. மறுபடி பற்றவைத்தால் மறுபடியும் அதே கதை. ஒரு ஜனவரி மாதக் காலையில், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இதையே ஏழெட்டு முறை செய்து பார்த்தேன். மாடியிலிருந்து "என்னங்க, தண்ணி சுட்டுதா?" என்ற குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது.

போனில் பிடித்த பிளம்பர், வந்து பார்ப்பதற்கு ஒரு கட்டணம், வேலைக்கு வேறு கட்டணம் என்றார். அதுவும் திங்கட்கிழமைதான் வரமுடியுமாம். கடைசியில் கோளாறு எதுவென்று பார்த்தால், இரண்டடி நீளத்தில் செம்புக் கம்பி போன்ற ஒரு சாமான். ஹார்டுவேர் கடையில் 15 டாலர் சொச்சம். மாற்ற எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தெரிந்தவர்களுக்கு அரை மணி போதும்.

கேஸ் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் பயம் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கொஞ்சம் அறிவியல்.

உருளைக்கு அடியில்

ஊரில் கீஸர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சாரப் பெட்டி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் ஏற்பாடு வேறு. பேஸ்மென்டிலோ கராஜிலோ ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒரு உருளை நிற்கும். 40 அல்லது 50 கேலன் பிடிக்கும், அதாவது 150 முதல் 190 லிட்டர்வரை. அடியில் வட்டமாக ஒரு பர்னர், நம் சமையலறை அடுப்புக்குப் பெரிய அண்ணன் மாதிரி. தொட்டியின் நடுவே புகைக்குழாய் ஒன்று மேலே போகிறது. தொட்டியின் அடித்தகடும் அந்தக் குழாயும் சூடாகித் தண்ணீரைச் சூடாக்குகின்றன.

முன்பக்கம் கீழே ஒரு பெட்டியும் அதில் ஒரு குமிழும் இருக்கும். ஆஃப், பைலட், ஆன் என்று மூன்று நிலைகள். அதுதான் கேஸ் வால்வு. அதிலிருந்து மூன்று உருப்படிகள் பர்னர் அறைக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். தடித்த குழாய் பர்னருக்குக் கேஸ் கொண்டுபோகிறது. மெல்லிய குழாய் பைலட் சுடருக்கு. மூன்றாவது பார்க்கக் குழாய் போலவே இருந்தாலும் அதில் கேஸ் ஓடுவதில்லை. அதுதான் தெர்மோகப்பிள். பள்ளிக்கூடத்தில் வெப்ப மின்னிரட்டை என்று படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம்.

பைலட் என்பது இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும் சின்னச் சுடர். தண்ணீர் ஆறியதும் வால்வு பெரிய பர்னருக்குக் கேஸைத் திறந்துவிடும். அதைப் பற்றவைப்பது இந்தப் பைலட்தான். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பது போல.

அந்த ஆள் தூங்கிவிட்டால்? பைலட் அணைந்திருக்கும்போது கேஸ் மட்டும் திறந்தால், எரியாத கேஸ் அறைக்குள் நிறையும், அப்புறம் பேஸ்மென்ட் முழுக்க. அதனால் சுடர் எரிகிறதா என்று ஒரு நொடிகூடக் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள ஒரு சாட்சி வேண்டும். 'சுடர் இருக்கிறது' என்று அந்தச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தால்தான் வால்வு திறந்திருக்கும். சொல்வதை நிறுத்திவிட்டால் மூடிக்கொள்ளும். தெர்மோகப்பிளின் வேலை அவ்வளவுதான்.

சூட்டிலிருந்து மின்சாரம்

1821இல் பெர்லினில் தாமஸ் யோஹான் சீபெக் என்ற அறிவியலாளர் இரண்டு வெவ்வேறு உலோகத் துண்டுகளை இரு முனைகளிலும் இணைத்து வளையமாக்கி, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் வைத்திருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்பம் உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது, ஊசியை அசைப்பது அதுதான் என்பது டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் போன்றவர்களால் பிறகு தெளிவானது. இருந்தாலும் பெயர் சீபெக்குக்கே நிலைத்துவிட்டது: சீபெக் விளைவு.

ஏன் மின்சாரம் வருகிறது? ஒரு உலோகக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால், அந்த முனையில் உள்ள எலெக்ட்ரான்கள் கூடுதல் வேகத்தோடு ஆடிக் குளிர்ந்த முனையைப் பார்த்து நகரப் பார்க்கும். தேரடியில் கூட்டம் நெரியும்போது ஜனம் பக்கத்துச் சந்துகளுக்குள் ஒதுங்குவதைப் போல. இரண்டு சந்தும் ஒரே அகலமாக இருந்தால் இரண்டின் கடைசியிலும் நெரிசல் சமமாக இருக்கும். ஒன்று அகலம், மற்றது குறுகல் என்றால் சமமாக இருக்காது. அதுபோலவே, ஒரே உலோகத்தில் இரண்டு கம்பி என்றால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வெவ்வேறு உலோகம் என்றால் ஒரு வித்தியாசம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் மின்னழுத்தம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: கணக்கில் வருவது சூடான முனையின் வெப்பநிலை மட்டும் அல்ல. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசம். இரண்டுமே சூடாகிவிட்டால் மின்னழுத்தம் விழுந்துவிடும். பின்னால் மாட்டும் வேலைக்கு வரும்போது இது தேவைப்படும்.

ஹீட்டரில் இருக்கும் தெர்மோகப்பிள் நல்ல நிலையில் 25 முதல் 30 மில்லிவோல்ட் தரும். ரிமோட்டில் போடும் பென்சில் செல் 1,500 மில்லிவோல்ட். அதில் ஐம்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஒரு பல்பைக்கூட எரியவைக்க முடியாது. வால்வுக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது, எதிரே ஸ்பிரிங்கால் தள்ளப்பட்ட ஒரு இரும்புத் தகடு. இத்தனை சன்னமான மின்சாரத்தால் அந்தத் தகட்டைத் தன் பக்கம் இழுக்க முடியாது. ஆனால் யாராவது தகட்டைக் கொண்டுவந்து ஒட்டவைத்தால், விடாமல் பிடித்துக்கொள்ள முடியும். தூரத்திலிருக்கும் ஆணியைக் காந்தம் இழுக்காது, ஒட்டிய ஆணியை விடாது.

நாம் குமிழை அழுத்தும்போது நடப்பது இதுதான். நம் விரல்தான் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தகட்டைத் தள்ளி மின்காந்தத்தோடு ஒட்டவைக்கிறது. பைலட்டைப் பற்றவைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது, தெர்மோகப்பிளின் நுனி சூடேறி மின்சாரம் வருவதற்காக. அதற்குப் பிறகு விரலை எடுத்தால், பிடித்துக்கொள்ளும் வேலையை மின்காந்தம் எடுத்துக்கொள்ளும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், பிடி தளரும், 'டக்' என்று ஸ்பிரிங் வால்வை மூடும்.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கெட்டுப்போனாலும் அது நல்ல பக்கமாகவே கெடுகிறது. கம்பி அறுந்தால் மின்சாரம் இல்லை, வால்வு மூடும். நுனி தேய்ந்தாலும், நட்டு தளர்ந்தாலும் அதேதான். கேஸைத் திறந்துவைக்கும் பொய்யை அதனால் சொல்ல முடியாது. குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வைக்குமே தவிர, வீட்டைக் கொளுத்தாது. குமிழை டேப் போட்டு அழுத்திக் கட்டிவைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படிச் செய்தால் சாட்சியின் வாயைப் பொத்திவிட்டு வால்வைத் திறந்துவைப்பதாகிவிடும். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

இன்னொன்று, இதற்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூ ஜெர்சியைத் தாக்கியபோது நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஹீட்டிங் இல்லை, இன்டர்நெட் இல்லை. இந்தப் பழைய ரக ஹீட்டர் இருந்த வீடுகளில் வெந்நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களும் இதே சீபெக் விளைவில்தான் ஓடுகின்றன. அங்கே சூடு தருவது கேஸ் சுடர் அல்ல, புளூட்டோனியம். மற்றபடி பேஸ்மென்டில் இருப்பதற்கு அது தூரத்துச் சொந்தம்தான்.

குற்றவாளி இதுதானா?

பைலட் நிற்கவில்லை என்றதும் எல்லோரும் தெர்மோகப்பிளைத்தான் சொல்வார்கள். பாதி வேளை சாட்சி சரியாகத்தான் இருக்கும். சுடர்தான் சோம்பியிருக்கும். எனவே முதலில் கண்ணாடி வழியாகச் சுடரைப் பாருங்கள். நல்ல பைலட் நீலமாக, விறைப்பாக எரிந்து தெர்மோகப்பிளின் நுனியைச் சூழ்ந்திருக்கும். மஞ்சளாகத் தளர்ந்து ஆடினாலோ, நுனியைத் தொடாமல் எங்கோ எரிந்தாலோ, பைலட் துளையில் அடைப்பு இருக்கலாம். தூசி, துரு, சில சமயம் சிலந்தி நூல். காற்று போதாமல் போனாலும் சுடர் மஞ்சளாகும். துணி உலர்த்தும் டிரையர் பக்கத்திலேயே ஹீட்டர் நிற்கும் வீடுகளில் அடியில் உள்ள காற்று வலையைத் துணிப் பஞ்சு வந்து அடைத்துவிடும். எங்கள் வீட்டிலும் கைப்பிடி அளவு பஞ்சு எடுத்தேன்.

அடுத்து வால்வில் தெர்மோகப்பிள் வந்து சேரும் நட்டைப் பாருங்கள். சில மில்லிவோல்ட்தான் ஓடுகிறது என்பதால், அந்தத் தொடுமுனையில் லேசான தளர்ச்சியோ அழுக்கோ இருந்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும். நட்டைச் சற்றே இறுக்கியதும் சரியாகிப்போன கதைகள் உண்டு. செலவு பூஜ்யம்.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஊகம் தேவையில்லை. வால்விலிருந்து தெர்மோகப்பிளின் முனையைக் கழற்றுங்கள். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைச் செம்புக் குழாயின் மேலும் மற்றதை முனையில் உள்ள சிறு பொட்டின் மேலும் வையுங்கள். இன்னொருவர் குமிழை அழுத்திப் பைலட்டை எரியவிட வேண்டும். இரண்டு கைகளால் முடியாத வேலை இது. வீட்டில் கோபமாக இருப்பவரைச் சமாதானப்படுத்தி உதவிக்கு அழைக்க நல்ல சந்தர்ப்பம். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் 25க்கு மேல் ஏறினால் தெர்மோகப்பிள் நன்றாக இருக்கிறது என்று பொருள். 20ஐக்கூடத் தொடவில்லை, ஆனால் சுடர் நன்றாக எரிகிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. எங்களுடையது 11இல் நின்றது.

தெர்மோகப்பிளும் சுடரும் நன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் கோளாறு வால்வுக்குள். மின்காந்தம் போயிருக்கலாம். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் சுற்றை அறுத்துவிடும் பாதுகாப்பு ஃபியூஸ் பல வால்வுகளுக்குள் உண்டு, அது எரிந்திருக்கலாம். வால்வை மாற்ற வேண்டுமென்றால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், கேஸ் இணைப்பையும் கழற்ற வேண்டும். அது முதல்முறை செய்பவருக்கான வேலை இல்லை. ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, தெர்மோகப்பிளே ஏன் சாகிறது? நுனி எந்நேரமும் நெருப்பில் நிற்கிறது. விடுமுறை இல்லாமல் ஆண்டுக்கணக்காக. உலோகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல உளுத்துப்போகும். இரண்டு உலோகங்களையும் உருக்கி ஒட்டிய இணைப்பில் வெடிப்பு விழும். அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

கடைக்குப் போகும் முன்

ஹீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், சீரியல் எண் இரண்டும் அதில் இருக்கும். பல ஹீட்டர்களுக்கு 6 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதற்குள் என்றால் தயாரிப்பாளரை அழைத்துக் கேளுங்கள், உதிரிபாகம் இலவசமாகவே வரலாம். மாறாக, ஹீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி, அடியில் துருவும் ஈரமும் தெரிந்தால், 15 டாலர்கூட அதற்குச் செலவழிக்காதீர்கள்.

கடைகளில் கிடைக்கும் பொதுவான தெர்மோகப்பிள்கள் 18, 24, 30, 36 அங்குல நீளங்களில் வரும். பழையதைவிடக் குறைவாக வாங்கக் கூடாது. கொஞ்சம் நீளம் கூடினால் பரவாயில்லை, மிச்சத்தை அகலமான வட்டமாகச் சுற்றிவைக்கலாம். சில தயாரிப்பாளர்கள் தெர்மோகப்பிளின் நட்டுக்கு இடது மரை வைத்திருக்கிறார்கள். அதாவது வழக்கத்துக்கு மாறாக, வலப்பக்கம் திருகினால் கழலும். அந்த ரகத்துக்குப் பொதுவான சாமான் பொருந்தாது, அவர்களுடையதையேதான் வாங்க வேண்டும். கழலவில்லையே என்று பலத்தைக் காட்டுவதற்கு முன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வால்வில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. அது மின்னணு வால்வு. அதற்கு மின்சாரம் தருவது தெர்மோபைல். பல தெர்மோகப்பிள்களை வரிசையாகக் கோத்து முக்கால் வோல்ட் அளவுக்குக் கொண்டுவரும் சாமான் அது. இரண்டையும் மாற்றி மாட்ட முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 2003 ஜூலைக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த வீட்டு ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றின் பர்னர் அறை மூடியே இருக்கும். கராஜில் பெட்ரோலோ பெயின்ட் தின்னரோ சிந்தினால் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து வந்து பைலட்டில் பற்றிக்கொள்ளும். அப்படி நடந்த தீ விபத்துகளால் வந்த பாதுகாப்பு விதி இது. இந்த ரகத்தில் பர்னர் கதவைச் சுற்றி ஒரு கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டை, இருக்கும். கழற்றும்போது அது கிழிந்தால் புதிதாகப் போட்டாக வேண்டும். கேஸ்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். சில ஊர்களில் கேஸ் சாதனங்களைத் தொட உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கழற்றி மாட்டுதல்

முதலில் குமிழை ஆஃபுக்குத் திருப்புங்கள். பிறகு ஹீட்டருக்கு வரும் கேஸ் குழாயில் உள்ள கைப்பிடியை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு சேர்ந்து படுத்திருந்தால் திறந்திருக்கிறது. பர்னர் ஆற நேரம் கொடுங்கள். தண்ணீரை மூடவோ வடிக்கவோ வேண்டியதில்லை. முதல்முறை நான் வாளி எல்லாம் எடுத்துவைத்து அசடு வழிந்தேன்.

பிறகு மோந்து பாருங்கள். நின்றபடியும் தரையோரமும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போகும். புரொப்பேன் கனமானது, தரையில் தேங்கும். இரண்டுக்குமே இயல்பில் வாசனை கிடையாது. அழுகிய முட்டை நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கசிந்து சேர்ந்த கேஸ் வெடித்து, பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேரளவில் இறந்தார்கள். நாற்றம் சேர்ப்பது கட்டாயமானது அதற்குப் பிறகுதான். அந்த நாற்றம் பலமாக அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்கோ 911க்கோ போன் செய்யுங்கள்.

நாற்றம் இல்லையா? வெளி மூடியைக் கழற்றுங்கள். இப்போது வால்வின் அடியில் மூன்று நட்டுகளும் தெரியும். கழற்றும் முன் ஒரு போட்டோ. தெர்மோகப்பிளின் நட்டு சிறியது, அமெரிக்க ஹீட்டர்களில் பெரும்பாலும் 3/8 அங்குல ஸ்பானர் சேரும். மூன்றையும் கழற்றிக் கீழே தளர்த்திவிட்டு, பர்னர் கதவின் திருகாணிகளை எடுத்தால், பர்னரும் பைலட்டும் மொத்தமாகத் தட்டோடு வெளியே வரும். தீப்பொறி தரும் பொத்தானின் ஒயர் இருந்தால் அதையும் மறக்காமல் கழற்ற வேண்டும். நிதானமாக இழுங்கள். சற்றுச் சாய்த்துத் திருப்பினால்தான் சில பர்னர்கள் வெளியே வரும். தகட்டின் விளிம்பு கையைக் கீறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததும் பைலட் பக்கம் தெர்மோகப்பிள் செருகியிருக்கும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கிளிப் பிடித்திருக்கும், இழுத்தால் வரும். சிலவற்றில் சின்னத் திருகு. பழையதை எடுத்த கையோடு சுத்தம் செய்துவிடுங்கள். இதற்காக இன்னொரு முறை யார் கழற்றுவது? பர்னரைத் தூரிகையால் தட்டித் துருவையும் பஞ்சையும் நீக்குங்கள். பைலட் துளைக்கு, கம்ப்யூட்டர் துடைக்க விற்கும் காற்று டப்பாவால் ஒரு ஊது ஊதினால் போதும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பின் குத்திய பழக்கத்தில் ஊசியை எடுக்காதீர்கள். அந்தத் துளை அளவெடுத்துப் போட்டது. ஊசி அதை அகலமாக்கிவிட்டால் சுடரின் உருவமே மாறிவிடும்.

புதியதைச் செருகும் இடத்தில்தான் முன்னால் சொன்ன வித்தியாசக் கணக்கு வருகிறது. சுடர் பிடிக்க வேண்டியது நுனியை மட்டும், ஏறக்குறைய 3/8 முதல் அரை அங்குலம்வரை. 'நன்றாகச் சூடாகட்டும்' என்று ஆழமாகச் செருகினால் நுனிக்குக் கீழே உள்ள குளிர்ந்த பகுதியும் காயும். வித்தியாசம் குறையும், மின்னழுத்தம் குறையும். புது சாமான் போட்டும் பைலட் நிற்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கிளிப்பில் 'கிளிக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

செம்புக் குழாயை வளைக்கும்போது குழந்தையைத் திருப்புவது போல மெதுவாக. உள்ளே மற்றொரு கம்பி, உறை சுற்றிப் போகிறது. பட்டென்று மடித்தால் உறை கிழிந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சாமான் வாங்கிய அன்றே செத்துப்போகும்.

எல்லாவற்றையும் உள்ளே செருகி, கேஸ்கெட் மடங்காமல் கதவைப் பூட்டிவிட்டு, மூன்று நட்டுகளையும் முதலில் விரலால் திருகுங்கள். தெர்மோகப்பிளின் நட்டை விரலால் முடிந்தவரை இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்று, அவ்வளவுதான். கேஸ் வேலை என்றாலே வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த நட்டில் கேஸே இல்லை, இது மின்சாரத் தொடுமுனை. டேப்போ பசையோ வைத்தால் தொடர்பைக் கெடுக்கும். மூர்க்கமாக இறுக்கினாலும் முனையில் உள்ள மெல்லிய காப்பு நசுங்கிவிடும். கேஸ் ஓடும் மற்ற இரண்டு நட்டுகளையும் ஸ்பானரால் நன்றாக இறுக்க வேண்டும். அவையும் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைக்கும் வகை என்பதால் அங்கேயும் டேப் வேண்டாம்.

பற்றவைத்தல்

கேஸ் கைப்பிடியைத் திறந்து, குமிழைப் பைலட்டில் வைத்து அழுத்துங்கள். பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். குழாய்க்குள் காற்று நிறைந்திருப்பதால் முதல்முறை பற்ற ஒரு நிமிடம்கூட ஆகலாம். பற்றியதும் விரலை எடுக்காமல் அறுபதுவரை எண்ணுங்கள். வேகமாக அல்ல. பிறகு மெல்ல விடுங்கள். சுடர் நின்றுவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். நிற்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் விட்டு, கேஸ் கலைந்தபின் மறுபடி முயலுங்கள்.

பைலட் எரியும்போதே சோப்புத் தண்ணீரைக் குழைத்துப் பைலட் குழாயின் நட்டில் தடவுங்கள். குமிழை ஆனுக்குத் திருப்பிப் பர்னர் எரிய ஆரம்பித்ததும் பெரிய குழாயின் நட்டிலும் தடவுங்கள். அந்தக் குழாயில் அப்போதுதான் கேஸ் ஓடும், முன்கூட்டியே தடவிப் பயனில்லை. குமிழி வந்தால் கசிகிறது, நிறுத்திவிட்டு இறுக்க வேண்டும். நெருப்புக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் வீரம் வேண்டாம்.

'புஸ்' என்று பர்னர் பற்றும் சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அன்றுதான் தெரிந்தது. சுடர் நீலமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மஞ்சளாக, கரி படிய எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். அந்த வாயுவுக்கு நாற்றமும் கிடையாது. அதற்கான அலாரம் வீட்டில் இல்லை என்றால் தெர்மோகப்பிள் வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். வெப்பநிலையை 120 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 49 டிகிரி செல்சியஸில் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குழந்தைகளின் தோல் வெந்துபோகும்.

கடைசியாக ஒரு சோதனை. குமிழை ஆஃபில் வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பைலட் அணைந்து சிறிது நேரத்தில் வால்வுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். நுனி ஆறி, மின்காந்தம் பிடியை விட்டது. அந்தச் சத்தம் கேட்டபின் பழையபடி பற்றவைத்துவிட்டு மாடிக்குப் போகலாம்.

பழைய தெர்மோகப்பிளை நான் எறியவில்லை. ஏழாவது படிக்கும் மகள் மல்டிமீட்டரை மாட்டி, நுனியை மெழுகுவத்திச் சுடரில் காட்டினாள். செத்துப்போனதாக நாங்கள் கழற்றிய சாமான் மெதுவாக 2, 4, 7 என்று ஏறியது. ஊதி அணைத்ததும் அதே வழியில் இறங்கியது. "இதுல போன் சார்ஜ் பண்ணலாமாப்பா?" என்று கேட்டாள். எத்தனை தெர்மோகப்பிள் கோத்தால் 5 வோல்ட் வரும் என்று இருவரும் கணக்குப் போட உட்கார்ந்தோம். குளியலறையில் ஷவர் ஓடிக்கொண்டிருந்தது.